டர்போ ஆயில் ரிட்டர்னுக்கு மலையில் வாட்டம் கொடுப்பது எப்படி?

கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி கேட்டது சுருக்கமாக இதுதான். பச்சைத் தேயிலை ஏற்றும் பழைய டீசல் ஜீப். கம்பெனியிலிருந்து டர்போ, அதாவது புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி, இல்லாமல் வந்த எஞ்சின். ஏற்றத்தில் இழுவை போதாமல் பழைய டர்போ ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறார். ஏற்றத்தில் நன்றாக இழுக்கிறது. ஆனால் மேட்டுப்பாளையம் இறங்கும்போது பாதி வழியிலேயே நீலப்புகை வருகிறது. எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக் ஹோஸைக் கழற்றினால் உள்ளே ஆயில். சீல் போய்விட்டது என்று மெக்கானிக் இரண்டு முறை டர்போவின் நடுப்பகுதியான கார்ட்ரிட்ஜை மாற்றியும் புகை நிற்கவில்லை. டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் ஃபீட் லைன், ஆயில் பிரஷர் சுவிட்ச் இருந்த இடத்திலிருந்து வருகிறது. ஆயில் திரும்பிப் போகும் ரிட்டர்ன் 10 மி.மீ. ஹோஸ். அது பின்பக்கமாக 45 செ.மீ. ஓடி, எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் சேர்கிறது. டர்போவின் வாய்க்கும் சம்ப்பின் வாய்க்கும் உயர வித்தியாசம் 10 செ.மீ. இந்த லைன்களை எப்படி மாற்றி எடுப்பது என்பது கேள்வி.

தம்பி, மூன்றாவது கார்ட்ரிட்ஜுக்குக் காசு கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதிய அளவுகளைப் பார்த்தால் டர்போவில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. ரிட்டர்ன் லைனில் வாட்டம் போதவில்லை. இறக்கத்தில் மட்டும் புகை வருகிறது என்பதே அதைத்தான் சொல்கிறது. குன்னூரில் பட்டறை வைத்திருக்கிற எனக்கு இந்தக் கோளாறு நன்றாகப் பழகியது. கீழே சமவெளியில் ஒழுங்காக ஓடிய டர்போ மலைக்கு வந்ததும் ஆயில் கக்கும் கதை இங்கே அடிக்கடி நடக்கும்.

முதலில் ரிட்டர்ன் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். ஃபீட் லைனில் ஆயில் பம்ப்பின் அழுத்தத்தோடு வருகிறது. டர்போவுக்குள் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். அந்த ஷாஃப்டைத் தாங்கும் புஷ்ஷுக்குள் ஆயில் நுழைந்து இரண்டு ஓரங்களிலும் சிதறி வெளியே வரும்போது அழுத்தம் முழுவதும் போயிருக்கும். அது ஆயிலாகவும் இருக்காது. காற்றோடு அடித்துக் கலந்த நுரையாக இருக்கும். ஃபில்டர் காபியை ஆற்றும்போது மேலே நிற்கும் நுரையை ஒரு குழாய் வழியாக வடியவிடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தள்ள ஆள் கிடையாது. தன் எடையில் தானே கீழே வழிய வேண்டும். நுரைக்கு எடையும் குறைவு, இடமும் அதிகம் வேண்டும். அதனால்தான் ஃபீட் பென்சில் கனத்தில் இருந்தால் போதும், ரிட்டர்ன் கட்டைவிரல் கனத்தில் இருக்க வேண்டும் என்று சொல்கிறோம். குழாயின் அடிப்பாதியில் ஆயில் வழிய, மேல்பாதி காற்று போய்வரத் திறந்திருந்தால்தான் தடையில்லாமல் வடியும். குழாய் முழுக்க நிறைந்துவிட்டால் நுரை டர்போவின் வயிற்றில் தேங்கும்.

தேங்கினால் சீல் தடுக்காதா என்று கேட்பீர்கள். டர்போவில் இருப்பது ரப்பர் சீல் அல்ல. பிஸ்டன் ரிங் மாதிரி சின்ன இரும்பு வளையங்கள்தான். ஒரு பக்கம் கம்ப்ரஸர் காற்றின் அழுத்தம், மறுபக்கம் புகையின் அழுத்தம். இரண்டும் வெளியிலிருந்து உள்நோக்கித் தள்ளுவதால் ஆயில் உள்ளேயே நிற்கிறது. வளையம் அதற்குத் துணை, அவ்வளவுதான். ஏற்றத்தில் பூஸ்ட் (டர்போ அழுத்தித் தரும் காற்று) இருக்கும்போது இரண்டு பக்கமும் நல்ல அழுத்தம் இருக்கும். இறக்கத்தில் செகண்ட் கியரில் காலை எடுத்துவிட்டு வரும்போது எஞ்சின் 2500 சுற்றில் ஓடும், ஆயில் பம்ப்பும் அதே வேகத்தில் டர்போவுக்கு ஊற்றும். ஆனால் டீசல் எரிவதில்லை. புகையின் அழுத்தமும் இல்லை, பூஸ்ட்டும் இல்லை. ஊற்றுவது அதிகம், தடுப்பது ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் ரிட்டர்ன் கொஞ்சம் தயங்கினாலும் ஆயில் வளையத்தைத் தாண்டி சைலன்சர் பக்கமும் இன்டேக் பக்கமும் வழிந்துவிடும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை முப்பது கிலோமீட்டருக்கு மேல் இதே நிலைமைதான். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் இன்னும் மோசம். கம்ப்ரஸர் வாயில் உறிஞ்சல் ஏற்பட்டு ஆயிலைத் தானே இழுத்துக்கொள்ளும். அதையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

இப்போது உங்கள் 10 செ.மீ. கணக்குக்கு வருகிறேன். பட்டறையில் சமதளத்தில் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் 45-க்கு 10 என்பது நல்ல வாட்டமாகத் தெரியும். வீட்டு மொட்டைமாடிக்குக்கூட அவ்வளவு கொடுப்பதில்லை. ஆனால் 10 அடிக்கு 1 அடி இறங்கும் சாலையில் வண்டியின் மூக்கு கீழே போனதும், பின்பக்கமாக ஓடும் உங்கள் ரிட்டர்னில் 4.5 செ.மீ. போய்விடும். மீதி 5.5. எஸ்டேட் ரோட்டில் 5-க்கு 1 என்று ஒரு செங்குத்தான துண்டு வந்தால் 9 செ.மீ. காலி, மீதி 1 செ.மீ. அதற்கு மேல் கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் பிரேக் மிதிக்கிறீர்கள். டம்ளர் தண்ணீர் முன்னால் பாய்வது போல ஆயிலும் முன்னால் பாயும். அந்த இரண்டு மூன்று வினாடிகள் உங்கள் ரிட்டர்ன் லைன் மேட்டில் ஏறச் சொல்லி ஆயிலைக் கேட்கிறது. நம் மலை ரயில் 12 அடிக்கு 1 அடி ஏறும் இடத்தில் பல்சக்கரம் கடித்து ஏறுகிறது. ஆயிலுக்கு அப்படி ஒரு பல்சக்கரம் கிடையாது. வளைவுக்கு வளைவு கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்கி, பாதி மலை இறங்குவதற்குள் புகையாகத் தெரிகிறது.

அதே லைனை முன்பக்கமாகத் திருப்பினால் சரியாகிவிடுமா? ஆகாது. ஏற்றத்தில் மூக்கு மேலே போகும்போது அதே இழப்பு அந்தப் பக்கம் வரும். அதோடு இறக்கத்தில் சம்ப்பிலுள்ள ஆயில் எல்லாம் முன்முனைக்கு வரும். 50 செ.மீ. நீளமுள்ள சம்ப்பில் 10-க்கு 1 சரிவில் இரு முனைகளுக்கும் 5 செ.மீ. வித்தியாசம் வந்துவிடும். முன்முனையில் ரிட்டர்ன் வாய் இருந்தால் அது ஆயிலுக்குள் மூழ்கிவிடும். மூழ்கிய வாய்க்குள் நுரை இறங்காது, மிதக்கத்தான் பார்க்கும்.

அதனால் மலைக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. ரிட்டர்ன் நீளவாக்கில் ஓடவே கூடாது. டர்போவுக்கு நேர் கீழே, அல்லது பக்கவாட்டில் மட்டும் சாய்ந்து, சம்ப்பின் நடுப்பகுதியில் சேர வேண்டும். நடுவில் சேர்த்தால் வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அங்கே ஆயில் மட்டம் பெரிதாக மாறாது. கொஞ்சம் சாய்த்தே ஆக வேண்டுமென்றால், எவ்வளவு கிடையாகப் போகிறதோ அவ்வளவாவது கீழேயும் இறங்க வேண்டும். 15 செ.மீ. தள்ளிப் போனால் 15 செ.மீ. இறக்கம். சமவெளிக்கு இது அதிகம் என்று தோன்றலாம், மலையில் இதுதான் குறைந்தபட்சம்.

குழாயின் உள்விட்டம் 16-லிருந்து 19 மி.மீ. வைத்துக்கொள்ளுங்கள். நம் பட்டறைப் பேச்சில் ஐந்திலிருந்து ஆறு நூல், அதாவது முக்கால் இஞ்ச் வரை. உங்கள் 10 மி.மீ. ஹோஸின் குறுக்குப் பரப்பைப் போல 19 மி.மீ. ஹோஸுக்கு மூன்றரை மடங்குக்கு மேல் வரும். இரண்டு முனையிலும் போடும் நிப்பிளின் உள்துளையையும் அளந்து பாருங்கள். வெளியே பெரிய ஹோஸ், உள்ளே 9 மி.மீ. துளையுள்ள நிப்பிள் என்று லேத்தில் கடைந்து கொடுத்துவிடுவார்கள். அங்கேயே கழுத்து நெரிந்துவிடும். நேர்கோண எல்போ வேண்டாம். வளைக்க வேண்டுமென்றால் நீண்ட வளைவாக வளைத்த இரும்புக் குழாய் போடுங்கள்.

ஹோஸ் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். போன மழைக்காலத்தில் ஒரு ஜீப் வந்தது. வெளியே பார்க்க ரிட்டர்ன் ஹோஸ் புத்தம் புதிது போலிருந்தது. வாட்டமும் மோசமில்லை. கழற்றிக் கத்தியால் நீளவாக்கில் கீறிப் பிரித்தேன். உள்சுவர் ஊறி, பஞ்சு போலப் பொங்கி, நடுவில் ஒரு தீக்குச்சி நுழையும் அளவு வழிதான் மிச்சம். ரேடியேட்டர் ஹோஸை வெட்டி மாட்டியிருந்தார்கள். தண்ணீருக்குச் செய்த ரப்பர் ஆயிலில் ஊதும். நீல நிறத்தில் விற்கும் சாதாரண சிலிகான் ஹோஸும் ஆயிலுக்கு ஆகாது, அதன் வழியே ஆயில் கசிந்து வெளியே வியர்க்கும். ஆயிலுக்கும் சூட்டுக்கும் என்றே தயாரித்த ஹோஸ் கேட்டு வாங்குங்கள். முடிந்தவரை இரும்புக் குழாய் போட்டு, அசைவுக்காக நடுவில் ஒரு சாண் மட்டும் ஹோஸ் வைப்பது எனக்குப் பிடித்த முறை.

சம்ப்பில் எங்கே துளை போடுவது? அதற்கு முன் பிளாக்கின் பக்கவாட்டை நன்றாகத் துடைத்துப் பாருங்கள். ஒரே பிளாக்கில் டர்போ மாடலும் டர்போ இல்லாத மாடலும் வந்த எஞ்சின்கள் நிறைய. அவற்றில் ரிட்டர்னுக்கான மேடு வார்ப்பிலேயே இருக்கும். பிளக்கோ தகடோ போட்டு அடைத்திருப்பார்கள். அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் சம்ப்பைக் கழற்றித்தான் வேலை செய்ய வேண்டும். வண்டியில் இருக்கும்போதே டிரில் போட்டு, கிரீஸில் இரும்புத்தூள் ஒட்டிக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு துணுக்கு உள்ளே விழுந்தாலும் ஆயில் பம்ப் அதைத்தான் முதலில் கடிக்கும். துளை, டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டு மட்டத்தைவிட நன்றாக மேலே வர வேண்டும். கிராங்க் சுழன்று ஆயிலை வாரி அடிக்கும் திசைக்கு நேர் எதிரே வாய் இருக்கக் கூடாது. வேறு வழியில்லை என்றால் உள்ளே ஒரு சின்னத் தகடு பற்றவைத்து மறையுங்கள்.

டர்போவையும் சரியாக உட்கார வையுங்கள். நடுப்பகுதியின் போல்ட்டுகளைத் தளர்த்தினால் ஹவுசிங்கைச் சுற்றித் திருப்பலாம். ஃபீட் துளை நேர் மேலே, ரிட்டர்ன் துளை நேர் கீழே வர வேண்டும். செங்குத்திலிருந்து 35 டிகிரி வரை சாயலாம் என்று டர்போ கம்பெனிகள் சொல்வதுண்டு. மலையில் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் டர்போ தாழ்வாக உட்கார்ந்திருப்பதால், எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டுக்கும் டர்போவுக்கும் நடுவே கனமான ஸ்பேசர் வைத்து 5 அல்லது 6 செ.மீ. உயர்த்த பானெட்டில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ரிட்டர்னுக்கு எலக்ட்ரிக் பம்ப் வைத்து உறிஞ்சும் முறையும் உண்டு. நான் சிபாரிசு செய்ய மாட்டேன். காட்டு ரோட்டில் அந்த பம்ப் நின்றுபோனால் சொல்லாமல் நிற்கும்.

ஃபீட் லைன் இவ்வளவு கஷ்டமில்லை. பிரஷர் சுவிட்ச் இடத்தில் எடுத்தது சரிதான். ஃபில்டருக்குப் பிறகு மெயின் கேலரியில், அதாவது எஞ்சினின் முக்கிய ஆயில் வழியில், வரும் ஆயில்தான் அங்கே கிடைக்கும். ஆனால் சின்ன மரையில் ஒரு டீ (T வடிவ மூவழி இணைப்பு), அதன்மேல் கனமான சுவிட்ச், மறுபக்கம் ஹோஸ் என்று தொங்கவிட்டால் டீசல் எஞ்சின் அதிர்வில் அந்த மரைக் கழுத்து ஒருநாள் விரிசல் விடும். டீயை பிளாக்கில் ஒரு பிராக்கெட் போட்டுப் பிடியுங்கள். மரையையும் பார்த்து வாங்குங்கள். அரைக்கால் இஞ்சில் பிரிட்டிஷ் மரை இஞ்சுக்கு 28, அமெரிக்க மரை 27. ஒன்றுக்குள் ஒன்று இரண்டு சுற்று ஏறும், பிடித்த மாதிரியே இருக்கும், பிறகு ஒழுகும். ஹோஸ் 5 அல்லது 6 மி.மீ. உள்விட்டத்தில், உள்ளே டெஃப்லான் குழாய், வெளியே ஸ்டீல் பின்னல் உள்ளதாக இருக்கட்டும். காப்பர் குழாய் வேண்டாம். அதிர அதிர அது கெட்டித்து உடையும். உடைந்தால் அழுத்தத்தோடு ஆயில் பீய்ச்சி அடிப்பது பழுத்த மேனிஃபோல்டின் மேல். வண்டி தீப்பிடிக்கும் வழி அது. ஹோஸை எஞ்சினோடுதான் கிளிப் போட வேண்டும், சேஸியோடு கட்டினால் எஞ்சின் ஆடும்போது இழுத்துக்கொள்ளும். மேனிஃபோல்டுக்கு அருகே போகும் இடத்தில் தகடு ஒன்று மறைவாக வையுங்கள்.

டெஃப்லான் டேப்பும் சிலிகான் பேஸ்ட்டும் ஆயில் லைனுக்குள் நுழையவே கூடாது. பிய்ந்த ஒரு நூலிழை போதும், டர்போவின் ஆயில் துளையை அடைக்க. நடுவே ஆயில் போகத் துளையுள்ள பேஞ்ஜோ போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் புது காப்பர் வாஷர், ஃபிளாஞ்சுக்கு சரியான கேஸ்கட். போதும். ஃபீடில் ரெஸ்ட்ரிக்டர் போட வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் துளையைக் குறுக்குவது பெரும்பாலும் பால் பேரிங் டர்போவுக்கு. உங்களுடையது புஷ் வகை. அதற்கு ஆயில் தாராளமாகப் போக வேண்டும். புகையை நிறுத்துவதற்காக ஃபீடைக் குறுக்கினால் புகை நிற்கும், அப்புறம் ஷாஃப்டும் நிற்கும். சூடான எஞ்சினில் ஐடிலில் 10 பிஎஸ்ஐ, லோடில் 30 பிஎஸ்ஐக்குக் குறையாமல் டர்போ வாயில் வருகிறதா என்று கேஜ் வைத்துப் பாருங்கள்.

குழாய் வேலையில் இறங்கும் முன் ஒரு சோதனை. ஏற்கனவே சைலன்சரில் தேங்கிய ஆயில் எரிந்து தீரும்வரை வண்டியை லோடில் ஓட்டிவிட்டு, பாதுகாப்பான ஒரு சரிவில் மூக்கு கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். நான்கு சக்கரத்துக்கும் கல் வையுங்கள். சம்ப்பிலிருந்து ரிட்டர்னைக் கழற்றி, சம்ப் வாயை அடைத்துவிட்டு, ஹோஸை நேராகக் கீழே ஒரு சுத்தமான கேனுக்குள் விடுங்கள். எஞ்சினை அரை நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, கேனில் வந்ததைத் திரும்ப ஊற்றி, டிப்ஸ்டிக் பார்த்து, மறுபடி அரை நிமிடம். ஒருவர் கேன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இப்படி ஓட்டும்போது புகை இல்லையென்றால் உங்கள் டர்போ நன்றாக இருக்கிறது. அப்போதும் புகை கொட்டினால்தான் கார்ட்ரிட்ஜைப் பற்றிப் பேச வேண்டும்.

சோதனையில் புகை நின்று, லைனைச் சரியாக மாற்றிய பிறகும் புகை வந்தால், எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதரைப் பாருங்கள். பழைய எஞ்சினில் பிஸ்டன் ரிங் தேய்ந்து, கிராங்க் சுழலும் அறையான கிராங்க்கேஸுக்குள் காற்று ஏறும். டர்போ வைத்ததும் அது கூடும். அந்தக் காற்று ரிட்டர்ன் குழாய் வழியாக மேலே வந்து ஆயிலை இறங்கவிடாது. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தி அப்படியே மேலே வையுங்கள். மூடி துள்ளிக் குதித்தால் காற்று அதிகம். பிரீதர் ஹோஸைப் பெரிதாக்கி அடைப்பை எடுக்க வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஃபீட் துளை வழியாகச் சுத்தமான ஆயில் ஊற்றி ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். டீசலை நிறுத்திவைத்து, பிரஷர் விளக்கு அணையும்வரை கிராங்க் அடித்து, அதன்பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். மார்கழி, தையில் உறைபனி விழும் காலைகளில் 15டபிள்யூ-40 ஆயில் பாகு மாதிரி இருக்கும். ரிட்டர்னிலும் மெதுவாகத்தான் இறங்கும். இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டுவிட்டுக் கிளம்புங்கள். அதேபோல் லோடோடு ஏறி வந்து ஃபேக்டரி வாசலில் உடனே சாவியைத் திருப்பிவிடாதீர்கள். சூட்டில் நிற்கும் ஆயில் கரியாகி ரிட்டர்ன் வாயிலேயே படியும்.

வண்டியில் கம்பெனி கொடுக்காத மாற்றம் செய்தால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும். பொது ரோட்டில் ஓட்டுகிறீர்கள் என்பதால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் விஷயத்திலும் அது முக்கியம்.

லைனை மாற்றியதும் முதல் இறக்கத்தை லோடு இல்லாமல் போங்கள். குஞ்சப்பனை பக்கம் ஓரமாக நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே பின்னால் போய் சைலன்சர் வாயைப் பாருங்கள். பிறகு அணைத்து, கொஞ்சம் ஆறவிட்டு, பானெட்டைத் திறந்து ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் கறை படிந்த இடத்தைக் குறித்துக்கொண்டு எழுதுங்கள், அதை வைத்து மேற்கொண்டு சொல்கிறேன்.